எழுதியவள் எண்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடந்தது.
சரக்கு வண்டி, நிலக்கரி, முடிவில்லாமல்.
டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தேன்.
கேட் திறப்பதற்குள்
யுவராணியின் கட்டுரையை ஏற்றிவிடலாம்.
தலைப்புக்கு ஒரு டேக், பத்திக்கு ஒரு டேக்,
சாம்பல் தண்ணீர் படத்துக்கு ஒரு டேக்.
கடைசியில் மிஞ்சியது அட்ரஸ்.

பலபேர் இதைத் தப்பாகப் போடுகிறார்கள்.
கடைத்தெரு, கிளை அலுவலகம், பின்கோடு என்று
தபால்காரர் தேடுகிற எல்லாவற்றையும் உள்ளே திணிக்கிறார்கள்.
அதற்கில்லை அது.
இடம் எங்கே என்று அந்த டேக் கேட்பதில்லை.
இதை எழுதியது யார்,
சந்தேகம் வந்தால் யாரைப் பிடிப்பது,
அவ்வளவுதான் அதன் விசாரணை.
வெறும் இடத்துக்குச் சாதாரணப் பத்தி போதும்.

நல்லதாய்ப் போயிற்று.
யுவராணி வீட்டுக்குக் கதவு எண் கிடையாது.
எண்ணூரில் முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம்,
ஐஸ் பாக்டரி தாண்டி, நீல டிரம் கவிழ்த்த வாசல்
என்றுதான் சிலிண்டர்காரனுக்கே சொல்வாள்.
பட்டா மனு எட்டு வருடமாகப் பரிசீலனையில்.
மின் அட்டையில் மட்டும் ஓர் எண்,
அதுவும் செத்துப்போன மாமனார் பேரில்.

எனக்குக் கதவு எண் இரண்டு.
வியாசர்பாடி, பழைய எண் பதினேழு, புதிய எண் நாற்பத்தொன்று.
இரண்டையும் விட்டுவிட்டு
அண்ணா நகர்ச் சித்தி வீட்டைப் பயோடேட்டாவில் போட்டேன்,
மூன்று வருடம்.
"எந்த ஸ்டாப்பிங்ல பஸ் ஏறுவீங்க?" என்று
நேர்காணலில் ஒருவர் சும்மாதான் கேட்டார்.
அந்த ஸ்டாப்பிங் பேர் எனக்குத் தெரியவில்லை.

சங்கத்தில் யுவராணியிடம் சொன்னார்கள்:
"பேர் வேணாம்மா. ஊர்ப் பொதுமக்கள்னு போட்டுடலாம்.
நாளைக்கு எவனாவது வூட்டாண்ட வந்து நின்னா?"
தலைவர் தேசப்பன் கையெடுத்தே கும்பிட்டார்.
அவள் அன்னக்கூடையை இறக்காமலே நின்றாள்.
"ஆத்துல சாம்ப கொட்னவன் அனுப்ன லெட்டர்ல
இப்படிக்கு நிர்வாகம்னு கீது.
யாருய்யா அந்த நிர்வாகம்னு கேக்கலாம்னா
நம்பரே இல்ல.
நானும் அப்டியே எழுதணுமா?
நண்டு இல்லாம வந்த வலைய எண்ணுனது நானு.
எம்பேரப் போடு. போன் நம்பரப் போடு."

போட்டேன்.
பக்கத்தின் அடியில், எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்தால்
சங்கம் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும்
அவளே பதில் சொல்ல வேண்டிவரும்.
கட்டுரையின் எல்லைக்குள் வைத்தால்
இந்தக் கட்டுரைக்கு மட்டும்.
இரண்டு வரி மேலே ஏற்றுகிற வேலை.
டீ ஆறிப்போகும்வரை யோசித்தேன்.
டெல், முக்காற்புள்ளி,
ப்ளஸ் தொண்ணூற்றொன்று, பிறகு பத்து இலக்கம்,
நடுவில் மூச்சுவிடாமல்.
தேதி உள்ளே வந்திருந்தது, வெளியே எடுத்தேன்.
மூடும் கோடு மறந்திருந்தது, போட்டேன்.

சேமித்ததும் அவள் பேர்
கொஞ்சம் சாய்ந்து விழுந்தது திரையில்.
பிரவுசரின் வழக்கம் அது,
அட்ரஸ் என்றால் சாய்த்துத்தான் காட்டும்.
கடல்காற்றுக்கு எதிரே நடப்பவள் மாதிரி
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.
இருந்தாலும் ஸ்டைலில் ஒரு வரி சேர்த்து
நிமிர்த்தினேன்.

வண்டி எப்போது போனதோ,
பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

முதல் போன் காலை ஆறு மணிக்கு:
"யக்கா, எறா கிலோ என்னா வெல?"
அதற்கும் பதில் சொல்லியிருக்கிறாள்.
அடுத்தது ஒரு கல்லூரிப் பெண்,
எந்த மாதம் தண்ணீர் காலைச் சுட்டது என்று
குறித்துக்கொண்டாளாம்.
மூன்றாவது இரவு பதினொன்றரைக்கு.
பேச்சே இல்லை.
பின்னால் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும்.
வெகுநேரம் காதில் வைத்திருந்துவிட்டு
இவளே சொன்னாளாம்:

"நான்தான் எழுதுனது.
இன்னா, சொல்லு."